பரீதா நடந்த பக்கம்

நான் திருகோணமலைக்குப் போனது ஒரு கடதாசிக்காக. சுவிஸில் எனக்கு ஓய்வூதியம் தரப்போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி ஒன்றைக் கேட்டிருந்தார்கள். அறுபத்துச் சொச்சம் வயதில், முழு ஆளாக அவர்கள் முன்னால் போய் நின்றும், நான் பிறந்தேன் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம். தம்பியிடம் சொல்லியிருந்தால் எடுத்து அனுப்பியிருப்பான். "நானே வந்து எடுக்கிறன்" என்று ஒற்றைக்காலில் நின்றேன். கடதாசி வெறும் சாட்டு. நான் போக நினைத்தது ஒரு குளக்கட்டுக்கு.

நான் இருக்கும் ஊரும் ஏரிக்கரைதான். ஏரியைச் சுற்றி நடைபாதை, அதில் மூலைக்கு மூலை மஞ்சள் பலகை. அடுத்த ஊருக்கு ஒரு மணி இருபது நிமிடம் என்று எழுதியிருந்தால் சரியாக ஒரு மணி இருபது நிமிடம்தான். களைத்தால் உட்கார மர வாங்கு போட்டிருக்கிறது. நாய்க்குக்கூடத் தனிப் பை தொங்குகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எனக்குக் குறை. அங்கே நடக்கும்போதெல்லாம் தம்பலகாமத்துக்கு உள்ளே இருக்கும் அந்தக் குளக்கட்டில்தான் மனம் போய் நிற்கும்.

முப்பத்துச் சொச்சம் வருடத்துக்கு முன் நானும் பரீதாவும் அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியைகள். நான் பட்டினத்திலிருந்து கண்டி வீதி பஸ்ஸில் வருவேன், அவள் கிண்ணியாவிலிருந்து வருவாள். சந்தியில் சேர்ந்து, ஒரு குடையின் கீழ் குளக்கட்டு முழுக்க நடந்து, கட்டு முடிகிற இடத்தில் ஒரு துண்டுக் காட்டையும் கடந்தால் பள்ளிக்கூடம். போகும்போதும் வரும்போதும் குளத்துப் பக்கம் எனக்கு, மற்றப் பக்கம் அவளுக்கு. தண்ணீர் வெளிச்சம் தலையிடி தரும் என்பாள். எங்களுக்கு ஒரு விளையாட்டும் இருந்தது. திடீரென்று, "எத்தின கொக்கு நிக்கிது, எண்ணு புள்ள" என்பாள். நான் எண்ணி முடிப்பதற்குள் பாதித் தூரம் போயிருப்போம். இரண்டு வருடம் அப்படி நடந்தோம். பிறகு எனக்குக் கல்யாணம் பேசி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இடையில் இரண்டு தடவை ஊருக்குப் போனேன். ஒன்று செத்தவீடு, மற்றது கல்யாண வீடு. அந்தச் சண்டைக் காலத்தில் குளத்துப் பக்கம் போக விடமாட்டார்கள். பாதை திறந்தபோது பரீதாவின் கணவர் ரசீக் மாஸ்டர் படுக்கையில் விழுந்தார். எட்டு வருடம் அவள் அவரை விட்டு அசையவில்லை. "ஒருநாளைக்கு ரெண்டு பேருமாப் போவம். நீ இல்லாம நானும் போகமாட்டன்" என்று ஒவ்வொரு தொலைபேசிப் பேச்சிலும் சொல்வாள். அப்படியே சொல்லிச் சொல்லி எங்கள் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன.

போன வருடக் கடைசியில் மாஸ்டர் காலமானார். பரீதா இத்தா இருக்கத் தொடங்கினாள். கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுப் படி தாண்டாமல் இருக்க வேண்டும். என் மகளுக்குப் பிரசவம் நெருங்கியிருந்ததால் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு கிழமை, ஏழே ஏழு நாள். குசினிச் சுவரில் தொங்கும் கோயில் கலண்டரை எடுத்து, விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். நான் வெள்ளிக்கிழமை திரும்ப வேண்டும். அவளுடைய இத்தா முடிவது ஞாயிற்றுக்கிழமை. இரண்டே இரண்டு நாள்! அன்று கலண்டரைத் திருப்பித் தொங்கவிடக்கூட மனம் வரவில்லை. துக்கத்தில் இருப்பவளிடம் இந்தக் கணக்கைக் கதைக்கவா முடியும்? "நான் இந்தக் கிழமை வாறன்" என்று மட்டும் சொன்னேன். "மாஷா அல்லாஹ், சரியான கிழமை" என்றாள். பாவம், எனக்கு ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தம்பியின் மனைவி பிட்டும் சூடைமீன் பொரியலும் தந்தாள். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நாலாம் தரம் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு எழும்பினேன். கிண்ணியா பஸ்ஸில் நெருக்கமான நெருக்கம். முன்பெல்லாம் கிண்ணியாவுக்குப் போவதென்றால் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் பெரிய மிதவையில் ஏறி, கடல்நீர் காலில் தெறிக்கத் தெறிக்கப் போக வேண்டும். இப்போது நீளப் பாலம். பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி தன் தூக்குப்பையை என் மடியில் வைத்துவிட்டு, "வச்சிருங்க, நான் பிடிச்சு நிக்கோணும்" என்றாள். சுவிஸில் யாராவது இப்படிச் செய்தால் பொலிசைக் கூப்பிடுவார்கள். எனக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. பையில் கருவாடு இருந்தது என்று இறங்கும்போதுதான் தெரிந்தது.

பரீதா உள்ளறையில் வெள்ளை உடுப்போடு கதிரையில் இருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழுது தீர்த்தோம். பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒன்ட மேல என்னடி கருவாட்டு மணம்?" என்றாள். மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்தபோது நாங்கள் சிரிப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். நாலு மாதத்தில் மாமி சிரித்து அந்தப் பிள்ளை பார்த்ததில்லையாம்.

"நீ குளக்கட்டுக்குப் போ. நாளைக்கும் அதுக்கு அடுத்த நாளும் நடந்து பாத்திட்டு வந்து எனக்குச் செல்லு" என்றாள் பரீதா.

"நீ இல்லாமலா?"

"போ புள்ள. வழி கிழியெல்லாம் எப்பிடிக் கிடக்குதெண்டு பாக்க வாணாமா?"

திங்கட்கிழமை கச்சேரி என்கிற அரச அலுவலகம். சண்டை பிடிப்பதற்கென்றே பழைய கடதாசிகள் ஒரு கட்டு, தண்ணீர்ப் போத்தல், வாய்க்கு வந்த நாலு வார்த்தை எல்லாம் தயார் பண்ணிக்கொண்டு போனேன். கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை, "இருங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு மணித்தியாலத்தில் பிரதியைக் கையில் தந்துவிட்டது. கொண்டுபோன கோபம் முழுக்க வீண். வெளியே வந்து, துறைமுகம் தெரியும் இடத்தில் நின்று ஓர் இளநீர் குடித்தேன். இப்படி ஓர் ஊரில் பிறந்ததற்குக் கடதாசி வேறு தருகிறார்களே என்று சந்தோஷமாக இருந்தது. ஆனால் அன்றைய பகல் அதோடு போய்விட்டது, குளக்கட்டு செவ்வாய்க்குத் தள்ளிப்போனது.

செவ்வாய்க்கிழமை தம்பலகாமம் சந்தியில் இறங்கினேன். ரவி என்ற ஓட்டோக்காரர் பிடித்துக்கொண்டார். நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாதவர். "குளக்கட்டில நடக்கவா சுவிஸில இருந்து வந்தனீங்கள்? அங்க நடக்க இடமில்லையாக்கா?" என்று கேட்டார். வெள்ளாண்மை பழுத்து, இரண்டு பக்கமும் நெல்வயல் மஞ்சளாகக் கிடந்தது. கதை சொல்லிக்கொண்டே ஓட்டியவர் வாய்க்கால் ஓரச் சேற்றில் சில்லை இறக்கிவிட்டார். தள்ளினோம், இழுத்தோம், அசையவில்லை. கடைசியில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம்தான் கயிறு போட்டு இழுத்தது. இழுத்த பிறகும் ஓட்டோ வேலை செய்யவில்லை. மிச்சத் தூரத்துக்கு வைக்கோலின் மேல் ஏறி இருந்து, குலுங்கிக் குலுங்கிக் குளக்கட்டடிக்குப் போய்ச் சேர்ந்தேன். என் எலும்பு வைத்தியர் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

குளக்கட்டில் ஏறிப் பார்த்தேன். குளம் நிரம்பித் தளும்பிக் கிடந்தது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை தாமரை. நீர்க்காகம் கட்டையில் இருந்து சிறகு காயவைத்தது. ஒரு தோணியில் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். கொக்குகளை எண்ணினேன், நாற்பத்தொன்றோடு கணக்குத் தப்பியது. வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசுவரை நடந்தேன். நேரம் போனது தெரியவில்லை. வெயில் ஏறிவிட்டதால் அங்கேயிருந்து திரும்பினேன்.

மத்தியானம் திருத்திய ஓட்டோவிலேயே கிண்ணியாவுக்குப் போய், பரீதாவிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். தலையில் இருந்த வைக்கோலை அவள் பொறுமையாகப் பொறுக்கிக்கொண்டு கேட்டாள்.

"தண்ணியை விடு புள்ள. துருசுக்கு அங்கால மூணு பாலமரம் நிண்டிச்சே, இரிக்கா?"

"பாலைமரமா? எங்க?"

"எங்கயா? மத்தப் பக்கம், காடு வயலத் தொடுற இடத்தில. அதுக்குக் கீழ ஒரு கறுத்தக் கல்லு."

"தெரியாதடி."

"பெரிய புத்து ஒண்டு?"

"தெரியாது."

"நீ நடந்தியா, இல்ல வைக்கல்ல படுத்து நித்திரை கொண்டியா? ரெண்டு வருசம் நடந்தவளுக்கு மூணு மரம் தெரியாதா?" முப்பது வருடம் பிள்ளைகளின் கொப்பி திருத்திய வாய் அது. "நாளைக்குப் போய் ஒழுங்காப் பாத்திட்டு வா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தாமரையைப் பற்றி, கொக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவள் என்ன, காணி அளக்கவா என்னை அனுப்புகிறாள்?

புதன்கிழமை ரவியையும் கூட்டிக்கொண்டு துருசுக்கு அப்பால் நடந்தேன். அவள் சொன்னது அச்சொட்டாக அப்படியே இருந்தது. மூன்று பாலைமரம், ஒன்று மட்டும் கொப்பு முறிந்து. கறுத்தக் கல். பக்கத்தில் என் உயரத்துக்குப் புற்று. எல்லாவற்றுக்கும் முன்னால் புதிதாக ஒரு மின்சார வேலி. கல்லின் ஒரு பக்கம் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கியது.

"யானை முதுகு உரஞ்சிற கல்லுக்கா அது" என்றார் ரவி. "முந்தி இதுதான் அவை குளத்துக்கு இறங்கிற வழி. காலமையும் பின்னேரமும் அந்தப் பாலைக்குக் கீழதான் நிப்பினம். இப்ப வேலி போட்டும் சில நாளைக்கு வந்து நிண்டு பாத்திட்டுப் போவினம்."

"ஆக்கள் நடந்து வரேக்க நிண்டால்?"

"ஓடக்கூடாது, கத்தக்கூடாது. கதைச்சுக்கொண்டு ஒரே நடையா நடக்கோணும். கூட வாறவர் பயந்த ஆளெண்டா யானை நிக்குதெண்டு சொல்லவே கூடாது. மற்றப் பக்கம் எதையாவது காட்டிப் பராக்காக்கிப் போடோணும்."

அந்தக் கட்டிலேயே இருந்துவிட்டேன்.

நான் மாட்டைக் கண்டாலே குடையைப் போட்டுவிட்டு ஓடுகிறவள். ஆனால் அந்த இரண்டு வருடமும் குளக்கட்டில் ஒரு யானையைக்கூடக் கண்டதில்லை. என்னோடு படித்தவர்களிடம் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், எங்கள் வழி யானையில்லாத வழி என்று. எத்தின கொக்கு நிக்கிது, எண்ணு புள்ள. அவள் அப்படிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் மற்றப் பக்கத்தில் யானை நின்றிருக்கிறது. தண்ணீர் வெளிச்சமும் தலையிடியும் சுத்தப் பொய். எனக்கும் காட்டுக்கும் நடுவில் இரண்டு வருடம் தன்னைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

கட்டு முடிந்து துண்டுக் காடு தொடங்கும் இடம்வரை போனோம். அந்த வழியால் போகிறவர்கள் ஓர் இலைக்கொப்பை முறித்துப் பிள்ளையாருக்கென்று மரத்தில் தொங்கவிட்டுவிட்டுத்தான் காட்டுக்குள் காலெடுத்து வைப்பார்கள். நான் கொப்பை முறிக்கும்போது பரீதா என் பையைப் பிடித்துக்கொண்டு நின்று, அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லுவாள். "யானைக்கு எது வெளங்குதோ வெளங்கட்டும்" என்பாள். இந்த முறை நான் கொப்பை முறிக்கவில்லை. அவள் இல்லாமல் உள்ளே போக எனக்கு விருப்பமில்லை. திரும்பிவிட்டோம்.

பின்னேரம் அவள் வீட்டு உள்ளறையில், "மரம் மூண்டும் நிக்குது. கல்லு மினுங்குது" என்றேன். "எத்தனை தரமடி யானை நிண்டது?"

பரீதா என்னைப் பார்த்தாள். பிடிபட்டுவிட்டோம் என்று தெரிந்த முகம்.

"கொக்கை எண்ணினது நீ. யானையை நான் எண்ணயில்ல. பாத்துக்கொண்டு நடந்தன், அவ்வளவுதான்."

"உனக்குப் பயமில்லையா?"

"ஏனில்லை? நெஞ்சு பறை அடிக்கும். ஒனக்கும் செல்லியிருந்தா ரெண்டு நெஞ்சு அடிச்சிருக்கும். நீ கத்தியிருப்பாய், அடுத்த நாள் வேலைக்கும் வந்திருக்க மாட்டாய். எனக்கு ஆர் துணை?"

அவள் கையை எடுத்து என் கண்ணில் வைத்துக்கொண்டு அழுதேன். இத்தனை வருடம் எங்கெங்கோ, யார் யாருக்கோ 'டாங்கே, டாங்கே' என்று நன்றி சொல்லித் திரிந்திருக்கிறேன். இவளுக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொன்னேன். வெள்ளிக்கிழமை போய்விடுவேனே, இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால் அவளோடு ஒரு தரம் நடந்திருப்பேனே என்பதையும், அடக்க மாட்டாமல், சொல்லிவிட்டேன்.

"என்ன ரெண்டு நாள்?" என்றாள் பரீதா.

"ஞாயிற்றுக்கிழமைதானே உன்ர இத்தா முடியுது?"

"ஆரு சென்னது? இண்டைக்குப் பொழுதுபட, மஃரிபோட முடியுது."

"நான் கலண்டர் பாத்து எண்ணினனான். நாலு மாதமும் பத்து நாளும்."

"என்ன கலண்டர்?"

"எங்கட குசினியில தொங்குற கோயில் கலண்டர்."

பரீதா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "அல்லாஹ்வே! கோயில் கலண்டர்ல இத்தாவை எண்ணின ஆள் ஒலகத்திலயே நீ ஒருத்திதான்டி. நாங்க பிறைக் கணக்கு, விசரி! பிறை மாசம் சின்னது." பிறகு சிரிப்பை நிறுத்தி, "நான் நெனச்சன், நீ எல்லாம் பாத்து, வெளிய வாற நாளைக்கு என்னோட நிக்கோணுமெண்டுதான் இந்தக் கிழமையாப் பாத்து வாறாய் எண்டு. எவ்வளவு சந்தோசப்பட்டன் தெரியுமா?" என்றாள்.

நோன்பும் பெருநாளும் பிறை பார்த்து வருகிறதென்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அவள் வீட்டுப் பெருநாள் வட்டிலப்பத்தை இரண்டு வருடமும் சாப்பிட்டவள் நான். என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

"அழுதது போதும். நாளைக்கு எத்தின மணிக்கு வெளிக்கிடுறம்?" என்றாள்.

வியாழக்கிழமை காலை ரவியின் ஓட்டோ வாசலில் நின்றது. பரீதா கறுப்பு அபாயா உடுத்துக்கொண்டு படியில் வந்து நின்று, ஒரு கணம் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பிஸ்மி சொல்லி வலது காலை வெளியே வைத்தாள். வழியில் ஒரு கடையில் சட்டித் தயிரும் இனிப்புப் பாணியும் வாங்கிச் சாப்பிட்டோம். அவள் சட்டியை வழித்து நக்கியதைப் பார்த்து எனக்குப் பசி தீர்ந்தது.

குளக்கட்டில் ஏறியதும், பழைய பழக்கத்தில், அவள் கால் தானாகக் காட்டுப் பக்கம் போனது. தோளைப் பிடித்து இந்தப் பக்கம் கொண்டுவந்தேன்.

"அது என்ட பக்கம் புள்ள."

"இண்டைக்கு இல்லை."

"தண்ணி வெளிச்சம் எனக்குத் தலையிடி எண்டு தெரியாதா ஒனக்கு?"

"இந்தா." என்னுடைய கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவள் மூக்கில் மாட்டிவிட்டேன். அவளுக்கு வேறு பொய் கைவசம் இல்லை.

கையைக் கோத்துக்கொண்டு நடந்தோம். ரவி பத்தடி பின்னால் வந்தார். கொஞ்சத் தூரம் போனதும் பரீதா நின்றுவிட்டாள். கண்ணாடியை மேலே தூக்கி, அந்தக் கரைவரை பார்த்தாள்.

"எடியே சாந்தி, இவ்வளவு தண்ணியா இஞ்ச இருந்தது?"

"ஓமடி. நான் மட்டும்தான் பாத்தனான்" என்றேன். அவள் தாமரையைக் காட்டினாள், நீர்க்காகத்தைக் காட்டினாள், தோணியைக் காட்டினாள். எல்லாவற்றையும் எனக்கே புதிதாகக் காட்டினாள்.

துருசைத் தாண்டினோம். நான் மூன்று பாலைமரத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன். கறுத்தக் கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு கல் இருந்தது. நேற்று அது அங்கே இல்லை. அது காதை அசைத்தது.

பின்னால் ரவியின் செருப்புச் சத்தம் நின்று, பிறகு மெல்ல மறுபடி தொடங்கியது. நடுவில் வேலி இருக்கிறது, தூரமும் இருக்கிறது என்று எனக்கு நானே சொன்னேன். நெஞ்சு கேட்கவில்லை. ஓடத்தான் கால் சொன்னது. ஓடவில்லை. நடையை மாற்றவில்லை. குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"பரீதா, அந்தத் தாமரைக்கு அங்கால எத்தனை கொக்கு நிக்குது, எண்ணு."

என் கைக்குள் அவள் கை ஒருதரம் இறுகியது. அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி, சின்னப் பிள்ளை மாதிரி உரத்து எண்ணத் தொடங்கினாள்.

"ஒண்டு. ரெண்டு. மூணு..."